இதால என்ன வருது?

கடலட்டைக்குப் பயம் பிடித்தால் தன் குடலைத் தானே வெளியே கக்கிவிடும். கையில் தூக்கி இரண்டு தரம் அமத்தினால் போதும், நூல் நூலாக எல்லாம் வந்துவிடும். பிறகு வெறும் தோலாகக் கிடக்கும். செத்துவிட்டது என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். ஆனால் மணலில் சும்மா விட்டால் உள்ளே குடல் மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்து, முன்போல மண் தின்னத் தொடங்கிவிடும். எங்கள் கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒருவரும் அதிசயமாகப் பேசுவதில்லை. அட்டையை அவித்து, மணலில் புதைத்து, சுரண்டி, திரும்ப அவித்துக் காயவைத்து விற்பதுதான் நாங்கள் அறிந்த காரியம்.

கொழும்பில் இருந்து கொம்பனி அனுப்பிய மனிதர் இதை முதன்முதல் கண்டபோது அவருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். வேலை செய்தால் இப்படித்தான் செய்யவேண்டும் என்றார். உள்ளே இருப்பது முழுவதையும் தந்துவிடுகிறது, பிறகு தானே உண்டாக்கிக்கொள்கிறது, கேட்பது கொஞ்சம் மண் மட்டும் என்றார். கொழும்பில் இருப்பவர்களைக் கூட்டிவந்து இதைக் காட்டவேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் சிரித்தோம். பகிடி என்று நினைத்தோம். அவருக்குப் பகிடி விடத் தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், தாராபுரத்துக்குக் கிட்ட, கடற்கரையோடு ஒட்டிய ஊர். கரையில் கைவிட்டுக் கிடந்த பழைய ஐஸ் கட்டடத்தை எடுத்து வெள்ளை அடித்து ஒரு மருந்துக் கொம்பனி வந்தது. தலைக் கந்தோர் கொழும்பில், பணம் போட்டவர்கள் வெளிநாட்டில். குடல் திரும்ப வளரும் நேரத்தில் அட்டையின் தோலில் ஒரு சாறு ஊறுமாம். அந்தச் சாற்றில் இருந்து, சீனி வருத்தக்காரரின் ஆறாத புண்ணுக்குக் களிம்பு செய்யலாமா என்று பார்த்தார்கள். எனக்கு அங்கே தொட்டி கழுவுவதும் கண்ணாடிக் குழாய் கழுவுவதும் வேலை. படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நான் கழுவி வைத்த கண்ணாடியில் ஒரு தடம் நின்றது என்று இன்றுவரை ஒருவர் வாய் திறந்ததில்லை.

ஆராய்ச்சியை நடத்தியது மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. நாங்கள் மிஸ் என்போம். நல்ல பிள்ளை, ஆனால் செலவில் கை தாராளம். எதைக் கேட்டாலும் நல்லதாகக் கேட்கும், கூடக் கேட்கும். செலவு ஏறிக்கொண்டே போகிறது, மருந்து வந்தபாடில்லை என்று கொழும்பில் பொறுமை முடிந்தபோது, அதைச் சரிப்படுத்த அனுப்பப்பட்டவர்தான் இவர். வயது நாற்பது இருக்கும். மெலிந்த மனிதர். குரல் உயர்த்தி ஒருவரோடும் பேசமாட்டார். நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். அவர் இல்லாத இடத்தில் “என்ன வருது சேர்” என்போம்.

ஏனென்றால் அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். இதால என்ன வருது? மின்விசிறியைக் கேட்பார், தேத்தண்ணிக்குப் போடும் சீனியைக் கேட்பார், ஆளையும் கேட்பார். பதில் இல்லாத சாமான் அடுத்த நாள் அங்கே இருக்காது. ஏசமாட்டார், கோபிக்கமாட்டார். இருக்காது, அவ்வளவுதான்.

கள்ளன் என்று மட்டும் அவரைச் சொல்லக்கூடாது. கொம்பனி வாகனம் இருந்தும் பஸ்ஸில்தான் வந்து போனார். உப்புக்குளத்தில் ஒரு அறை எடுத்து, கடைச் சோற்றுப் பார்சல் தின்று இருந்தார். தனக்கென்று ஒரு சதம் எடுத்தவர் இல்லை. கள்ளனாக இருந்திருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

வந்த கிழமையே கந்தோரில் கிடந்த கதிரைகளையெல்லாம் எடுத்துச் சாமான் அறைக்குள் போட்டுப் பூட்டச் சொன்னார். தன்னுடைய கதிரையையும் சேர்த்துத்தான். மிஸ் ஏன் என்று கேட்டதற்கு, கதிரை கண்டால் அதில் இருப்பார்கள், இருந்தால் கதைப்பார்கள், நின்றுகொண்டு கதைத்தால் கதை சுருங்கும் என்றார். சுருங்கத்தான் செய்தது. எனக்கு முழங்கால் வருத்தம். மத்தியானம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தி இருந்து சோறு தின்பேன். ஒரு நாள் கண்டுவிட்டார். பறிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வாளி நல்ல யோசனை அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வாளி வாங்கவேண்டி வந்தபோது, ஆள் இருந்தாலும் தாங்குகிற வாளியாகப் பார்த்து வாங்குவித்தார்.

எங்கள் தீவில் கழுதைக்குக் குறைவில்லை. வளவுக்குள்ளும் ஒன்று வந்து வெயிலில் நிற்கும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“இது ஆருடைய கழுதை அம்மா?”

“ஒருத்தற்றையும் இல்லை சேர்.”

“பொதி சுமக்குதா?”

“முந்திச் சுமந்தது. இப்ப சும்மா நிக்குது.”

“இதால என்ன வருது?”

“ஒண்டும் வராது சேர். கழுதை எண்டால் அப்பிடித்தான்.”

அந்தப் பதில் அவரை வருத்தியது. முகத்தில் தெரிந்தது. ஒருவருக்கும் உரித்தில்லாமல், ஒன்றும் செய்யாமல், தின்றுகொண்டு ஒரு உயிர் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அது திரும்ப உள்ளே வராதபடி, அடுத்த நாள் வளவு வாசல் படலைக்குக் கொழுக்கி வைப்பித்தார். அதற்குப் பிறகு அது அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும், போகும்போது படலையைச் சாத்திக் கொழுவிவிட்டுத்தான் போவார்.

அவருடைய தாயைப் பற்றி ஒரே ஒரு தரம் கேட்டேன். பெருநாள் விடுமுறைக்கு அவர் எங்கும் போகவில்லை, அதனால் கேட்டேன். அம்மாவை வயது போனவர்களைப் பார்க்கிற ஒரு இடத்தில் விட்டிருப்பதாகச் சொன்னார். நல்ல இடம், நேரத்துக்குச் சாப்பாடு, பணம் தவறாமல் அனுப்புகிறேன் என்றார். போய்ப் பார்ப்பதில்லையா என்றேன். முதலில் போனவராம். இப்போது தாய்க்கு ஆளை அடையாளம் தெரிவதில்லையாம்.

“நான் போனது அவவுக்குத் தெரியாது அம்மா. அப்ப போறதால என்ன வருது?”

சொன்னபோது அவருக்குக் கண் கலங்கவும் இல்லை, வெட்கமும் இல்லை. நான் ஏதாவது பதில் வைத்திருக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பதில் இருந்திருந்தால் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அட்டைக்கு வருகிறேன். மிஸ் ஒரு தரம் குடலைக் கக்கவைத்த அட்டையை நல்ல மணல் போட்ட தொட்டியில் விட்டு, முழுதும் வளர்ந்து தேறும்வரை தொடமாட்டாள். இவர் கேட்டார், குடல் வளருகிற நேரம்தானே சாறு ஊறுகிறது, வளர்ந்து முடியும்வரை ஏன் காத்திருக்கவேண்டும், பாதி வளர்ந்ததும் திரும்பக் கக்கவைத்தால் அது எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்குமே என்று. மிஸ் சண்டை பிடித்தாள். சண்டையில் இவர் வென்றார். முதலில் சாறு கூடத்தான் செய்தது, கொழும்பில் இருந்து பாராட்டும் வந்தது. பிறகு அட்டைகளின் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பிறகு அவை கரைந்தன. காலையில் தொட்டியை எட்டிப் பார்த்தால் கஞ்சிபோல ஒன்று அடியில் கிடக்கும், அதுதான் அட்டை. புதிதாக வாங்குவது பழையதை வைத்துப் பராமரிப்பதைவிட மலிவு என்று அவர் சொன்னார். நான் தொட்டியைக் கழுவினேன்.

அட்டையை அமத்திப் பார்த்ததுபோல எங்களையும் அமத்திப் பார்த்தார். கழுவும் வேலைக்கு என்னோடு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். மூவரையும் நிற்பாட்டிவிட்டு, அம்மா தனியச் செய்வீங்கள் என்றார். என்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அவருக்குத் தெரியும். நான் செய்தேன்.

இனி என் தங்கச்சியின் கதை. அவளுடைய கால்தான் இந்தக் கதை.

தங்கச்சி என்னோடுதான் இருந்தாள். கரைவலை இழுக்கும் இடத்தில் மீன் தரம் பிரித்து, கருவாடு போட்டு, தலையில் சுமந்து விற்றவள். சீனி வருத்தம் அவளுக்கு. ஒரு நாள் வலதுகால் உள்ளங்காலில் சிப்பி வெட்டியது. அந்தப் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினார்கள், கழுவினார்கள், காலைக் கவனமாகப் பார், இல்லாவிட்டால் எடுக்கவேண்டி வரும் என்று எச்சரித்தார்கள். நடந்து விற்பவளுக்குக் கால் போனால் பிறகு என்ன இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் கொம்பனிக் களிம்பை மனிதரில் பூசிப் பார்க்கும் கட்டம் வந்தது. புண் உள்ள பெண்களை மிஸ் மாதா கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சில குழாயில் மருந்து இருக்கும், சில குழாயில் வெறும் வெள்ளைக் களிம்புதான் இருக்கும், யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, கடைசியில் இரண்டு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியவரும் என்றாள். ஒருவர் தன்னுடையதை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

காலுக்கு மெத்தென்ற செருப்பும் கொடுக்கவேண்டும் என்று மிஸ் நின்றாள். வெளிநாட்டுச் செருப்பு, நீல நிறம், தடித்த அடி. சேர் முதலில் மறுத்தார். புண்ணில் பாரம் விழுந்தால் மருந்து வேலை செய்தாலும் தெரியாது, செலவழித்தது முழுவதும் வீண் என்று மிஸ் சொன்னதும் சம்மதித்தார். அப்படிச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும். ஆனால் அது கொம்பனிச் சாமான், கடைசியில் திருப்பித் தரவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தானே சொன்னார். தங்கச்சி அப்படி ஒரு செருப்பைக் காலில் கண்டவள் இல்லை. படுக்கும்முன் ஈரத் துணியால் துடைத்துச் சுவரோடு சோடியாக வைப்பாள்.

சில கிழமையில் தங்கச்சியின் புண் ஓரத்தில் இருந்து மூடத் தொடங்கியது. இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. நான் குனிந்து பார்த்துவிட்டுச் செபம் சொன்னேன். ஆனால் எங்களோடு களிம்பு வாங்கிய தாராபுரத்து றஹ்மத் ராத்தாவின் புண் இருந்தபடியே இருந்தது. இன்னும் சிலருக்கும் அப்படித்தான். யாருடைய குழாயில் மருந்து, யாருடையதில் வெறும் களிம்பு என்று எங்களுக்கு மிஸ் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று.

எங்கள் கரையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கரைவலைக் கயிற்றில் கை வைத்த எல்லாருக்கும் பங்கு. ஒருவன் தலைப்பில் நின்றான், ஒருவன் வாலில் நின்றான் என்று பார்ப்பதில்லை. மீனை ஒரே குவியலாகக் கொட்டித்தான் பிரிப்பார்கள். தங்கச்சிக்கு மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாப் பெண்களையும் குழாய்களோடு எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னாள். எனாமல் கோப்பை ஒன்றை நான் கொதிநீரில் அவித்துத் துடைத்து வைத்தேன். றஹ்மத் ராத்தா தயங்கினா. கொடுக்கக்கூடாது என்று மிஸ் சொன்னவவே, ஹறாமாகிவிடாதா என்று கேட்டா.

“இது குடுக்கிறது இல்லை ராத்தா, பங்கு. எனக்கு மீனும் உனக்குப் பாசியும் விழுந்தால் அது என்ன பங்கு?” என்றாள் தங்கச்சி.

எல்லாக் குழாயையும் கோப்பைக்குள் பிதுக்கி, கரண்டியால் கலந்து, கழுவிய யோகட் கப்புகளில் ஆளுக்குச் சமமாகப் பிரித்தோம். ஆள் தவறாமல் சந்தோஷமாக இருந்தோம். கொம்பனிக்கு இவ்வளவு படித்தவர்கள் இருந்தும் இந்தச் சின்ன நியாயம் தெரியவில்லையே என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக வந்து, செருப்பைப் போடுகிறார்களா, சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். கோப்பையைக் கண்டார். கரண்டியைக் கண்டார். தங்கச்சி மட்டும் பயப்படாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

“எல்லாரும் சேர்ந்தா?”

“ஓம் தம்பி, எல்லாரும்.”

“ஒருத்தரும் விடுபடேல்லையே?”

“இல்லை.”

“நல்ல பழக்கம்,” என்றார். “விடாதேங்கோ.”

தங்கச்சி கொடுத்த தேத்தண்ணியைக் கடைசி மிடறுவரை குடித்தார். படலையைக் கொழுவிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனிதர், நாங்கள்தான் பிழையாக நினைத்துவிட்டோம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகு குழாய் வரவர, கோப்பையில் கலந்து பிரித்தோம். றஹ்மத் ராத்தாவின் புண் கொஞ்சம் காய்ந்ததுபோல இருந்தது. தங்கச்சியினுடையது திரும்ப வாய் திறந்தது. மருந்து பாதியானதாலா, மாரி தொடங்கி நிலம் ஈரமானதாலா, சீனி ஏறியதாலா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். பெருவிரல் முதலில் சிவந்தது. பிறகு கறுக்கத் தொடங்கியது.

கணக்கு ஒன்றும் பொருந்தவில்லை, எல்லாருடைய புண்ணும் ஒரே மாதிரி நிற்கிறது என்று மிஸ் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கழுவும் இடத்துக்கு வந்து என்னைக் கேட்டாள். நான் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பிள்ளை இருக்க இடம் தேடினாள். இருக்கக் கதிரை இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தேன், அதில் இருந்தாள். எல்லாம் கெட்டுப்போயிற்று அம்மா என்றாள். மருந்து உள்ளதும் இல்லாததும் கலந்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் இல்லை, இதுவரை செய்தது முழுவதும் தண்ணீரில் கரைந்தது என்றாள். சேர் வந்து பார்த்தவர்தானே, நல்ல பழக்கம் என்று சொன்னவர்தானே என்றேன். அவள் வாளியில் இருந்து எழும்பினாள். அவர் அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் புதிதாகப் பிரித்துக் கொடுத்துத் திரும்பத் தொடங்கியிருக்கலாம், உங்கள் தங்கச்சியும் தன் குழாயைத் தானே பூசியிருப்பா என்று மெல்லச் சொன்னாள். அந்தக் கிழமையே அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வரவில்லை. ஆராய்ச்சி நிற்பாட்டப்படுகிறது, சனங்கள் மருந்தைக் கலந்து கெடுத்துவிட்டார்கள் என்று அறிவித்தார்கள்.

நான் அவரிடம் நேரே போனேன். கந்தோரில் நின்றுகொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“சேர், அண்டைக்கு எங்கட வீட்டில கோப்பையைப் பாத்தனீங்கள்.”

“ஓம் அம்மா.”

“அது ஆராய்ச்சியைக் கெடுக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

பொய் சொல்வார் என்று எண்ணித்தான் போனேன். பொய்யைப் பிடிக்க எனக்குத் தெரியும். உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார். இந்தக் களிம்பு சரிவரலாம், ஆனால் அதற்கு இன்னும் பல வருஷமும் பெரும் பணமும் போகும், வாங்கப்போகிறவர்களும் ஏழைகள். கொம்பனியிடம் வேறு ஒரு மாத்திரை இருக்கிறது, பணம் அதற்குப் போகவேண்டும். வெளிநாட்டுக்காரர் இந்தக் களிம்பில் ஆசை வைத்துவிட்டார்கள்.

“நல்லா நடக்கிறதை நிப்பாட்டச் சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். கெட்டுப்போனால் கேப்பினம். தோக்கிறதெண்டால் கெதியாத் தோக்கவேணும் அம்மா. ஆறுதலா, நாள் எடுத்துத் தோக்கிறதுதான் செலவு.”

“இதை ஏன் என்னட்டச் சொல்லுறீங்கள்?”

“கேட்டனீங்கள். உங்களுக்குச் சொல்லுறதால கொம்பனிக்கு ஒரு நட்டமும் வராது.”

நான் ஒருவரிடமும் கையேந்தியவள் இல்லை. புருஷனைக் கடல் கொண்டுபோனபோதும், சண்டைக் காலத்தில் முகாமில் கிடந்தபோதும், வரிசையில் நின்று வாங்கினேனே தவிர, எனக்குத் தா என்று வாய் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்தேன். ஐஸ் அறையில் மருந்து உள்ள குழாய்கள் மிச்சம் இருந்தன. இப்போது எது மருந்து என்று தெரியும், மூடியில் கோடு போட்டு வேறாக வைத்திருந்தார்கள். தங்கச்சிக்கு ஒன்று தாருங்கள், விரல்தான் கறுத்திருக்கிறது, கால் இன்னும் இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். யோசிக்காமல் மறுக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

“புண் கூடினால் கொம்பனிக்குப் பழி அம்மா,” என்றார். “ஆறினால் இன்னும் கஷ்டம். திரும்பத் தொடங்கச் சொல்லுவினம்.”

மிச்சக் குழாய்களை எரிக்கச் சொல்லித் தலைக் கந்தோரில் இருந்து உத்தரவு வந்தது. அந்த வேலையை அவர் எனக்குத்தான் தந்தார். கட்டடத்துக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். பக்கத்தில் ஆள் ஒன்றும் விடவில்லை.

“அம்மா களவெடுக்கமாட்டீங்கள். அதாலதான் உங்களிட்டத் தாறன்,” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

நான் எல்லாவற்றையும் எரித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன், தடியால் கிளறினேன். கடைசி மூடி உருகும்வரை நின்றேன். ஒன்றை மடியில் செருகியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று ஊரில் இப்போதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அட்டையிடம் சாறு எடுத்தார், என்னிடம் ரோசத்தை எடுத்தார். காவலுக்கு ஒரு ஆள் வைக்கிற செலவு அவருக்கு மிச்சம்.

தொட்டிகளில் மிஞ்சிக் கிடந்த அட்டைகளையும் விடவில்லை. அவித்துக் காயவைத்து விற்கச் சொன்னார். அவிக்க வைத்த பெரிய கிடாரத்துக்கும் நான்தான் நெருப்பு வைத்தேன். அத்தோடு என் வேலை முடிந்தது.

தங்கச்சியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் தப்பினாள். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் இருத்தினோம். முதல் நாளே, கருவாட்டைக் கொண்டுவந்து தாருங்கள், இருந்தபடி தரம் பிரித்துக் கட்டுவேன் என்று கேட்டாள். செருப்பு இரண்டும் சுவரோடு சோடியாக இருந்தன. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நான் துடைத்து வைத்தவை. எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சில நாள் போக, ஒரு பின்னேரம் அவர் வந்தார். கொம்பனி மூடிக் கொழும்புக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தோளில் பெரிய பை ஒன்று. வீடு வீடாகச் செருப்புச் சேர்க்கிறார். போகிற பயணம் சொல்லத்தான் வருகிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். தங்கச்சியைப் பார்த்து, சுகமா அம்மா என்றார். அவளுடைய காலை, கால் இல்லாத இடத்தை, கண்ணை எடுக்காமல் பார்த்தார். பார்வையைத் திருப்புகிற ஆள் அவர் இல்லை. பிறகு செருப்பைப் பார்த்தார். கொம்பனிச் சாமான், நான் முதலே சொல்லியிருந்தேன் என்று மெதுவாகச் சொன்னார்.

எடுங்கள் என்றேன்.

அவர் குனிந்தார். வலதுகால் செருப்பை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்தார். இடதுகால் செருப்பைத் தூக்கி, கட்டிலுக்குக் கீழே, தங்கச்சியின் மிஞ்சிய பாதத்துக்குப் பக்கத்தில், நேராக வைத்தார்.

“இதை வைச்சிருங்கோ அம்மா. உங்களுக்கு உதவும்.”

அதில் நக்கல் இருந்திருந்தால் நான் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். நக்கல் இல்லை. அந்த மனிதர் தன் வாழ்நாளில் கொம்பனிச் சாமானை விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு நின்றார்.

தங்கச்சி அந்தச் செருப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“மற்றதையும் கொண்டு போங்கோ தம்பி,” என்றாள். “பங்கு பிரிக்கேக்க ஒற்றையா விடுறது எங்கட பழக்கம் இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். வெட்கப்படுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டை குடலைக் கக்கியதைக் கண்ட அன்று போல, அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

“அதுவும் சரிதான் அம்மா,” என்றார். “சோடியா எண்டால் இன்னொருத்தருக்குக் குடுக்கலாம்.”

குனிந்து எடுத்தார். கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியிருந்த எங்கள் வீட்டு மணலை உதறி, மற்றதோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார். போகும்போது, கழுதை உள்ளே வந்துவிடும் என்று, படலையைச் சாத்திக் கொழுவிவிட்டுப் போனார்.